பட்டாணிக்குப் போர்த்திய விரிப்பு

குலுக்கலில் எங்கள் சீட்டு விழுந்திருக்கிறது என்று சொன்னபோது மடிப்பு நம்பவில்லை. "நம்ம நம்பர் மாதிரியே வேற ஒரு நம்பர் இருக்கும் அண்ணி, போய் நல்லாப் பாத்துட்டு வாங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். எங்கள் நம்பர்தான்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில். தரைக்குக் கீழே இருக்கிறது அந்தக் கூடம். மேலே வெயிலா மழையா என்று வருகிறவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். வருஷத்துக்கு ஒருமுறை வேலையாட்களுக்குக் குலுக்கல் வைப்பார்கள். நல்ல பரிசெல்லாம் மேல்மாடி ஆபீசுக்குப் போய்விடும். கீழே வந்து சேர்ந்தது இதுவரை ஒரே ஒரு குடை. தரைக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்குக் குடை. இந்த வருஷம் எங்களுக்கு விழுந்தது, யாருமில்லாத இடத்தில் ஒரு தோட்ட வீட்டில் தங்கல், இரண்டு பேருக்கு, வெள்ளி முதல் ஞாயிறு வரை.

மடிப்பு என்பது அவள் பெயர் இல்லை. இருபது வருஷமாக அவள் மடிக்கிற விரிப்புகளில் ஒரு முனை இன்னொரு முனையைவிட அரை விரல் நீண்டது கிடையாது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் மடிப்பு. என் வீட்டுக்காரருடைய தங்கை. அவள் என்னை அண்ணி என்று கூப்பிடப்போய், சலவைக் கூடம் முழுக்க, என்னைவிட மூத்த சூப்பர்வைசர் உட்பட, நான் அண்ணி ஆகிவிட்டேன். அவள் புருஷன் இறந்ததும் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமாகி இப்போது வேறு ஊரில் இருக்கிறான். பதினொரு வருஷமாக ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

அவன்தான் போன வாரம் போனில் ஒரு செய்தி எழுதி அனுப்பியிருந்தான். மடிப்புக்குப் படிக்க வராது. ஓட்டலில் மாலை வகுப்பு வைத்தபோது நான் ஒன்றரை வருஷம் போய் எழுத்துக் கற்றேன். அவள் இரண்டு நாள் வந்து, இரண்டு நாளும் பெஞ்சில் தூங்கிவிட்டு, "வீட்டுக்கு ஒரு ஆள் படிச்சாப் போதும் அண்ணி" என்று நின்றுவிட்டாள். அதனால் அவளுக்கு வருகிற செய்தியை நான்தான் படித்துச் சொல்வேன்.

படித்தேன். மருமகளுக்கு ஆறு மாதம். அம்மா அங்கேயே வந்து இருந்துவிட வேண்டும். வருவதானால் பெரிய வீடாகப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவு இல்லை. கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. "அத்தையைத் தனியா விட்டுட்டு வர உனக்கு மனசு வராதுன்னு தெரியும். அவங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு" என்று எழுதியிருந்தான். அந்த இரண்டு வரியை நான் படிக்கவில்லை. படித்தால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் போ என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான், பேரப்பிள்ளை வரப்போகிறது. அண்ணன் பெண்டாட்டி, அண்ணனே இல்லாதபோது, போகாதே என்று எந்த உரிமையில் சொல்வது. ஆனால் அவள் இல்லாத வீட்டுக்குள் சாவியைப் போட்டுத் திறந்து நுழைகிற மாதிரி நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு வரவில்லை.

இந்தச் சுமையோடுதான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மண்பாதையில் அரை மணி நடை. வேலிக் கதவருகே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு உயரமான அம்மா நின்றிருந்தார். தோட்டமும் வீடும் அவருடையவை. அவர் குடியிருப்பது இரண்டு வயல் தள்ளி.

"வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று நானும், "பஸ்காரர் நல்லா அடையாளம் சொன்னாருங்க" என்று மடிப்பும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார்.

"உங்க ரெண்டு பேருக்கும் காது சரியாக் கேக்காதா?"

சலவைக் கூடத்தில் பதினாலு மெஷின் ஓடும். அங்கே பேசுகிற மாதிரியே இங்கேயும் பேசியிருக்கிறோம். வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோமோ என்னவோ, அங்கே சொல்ல ஆளில்லை. அந்த இரைச்சலில் தொண்டை கட்டிப்போன நாட்களில் நாங்கள் விரிப்பை இழுத்தே பேசிக்கொள்வோம். இந்த முனையில் ஒரு இழுப்பு இழுத்தால் தயார். இரண்டு என்றால் பொறு. மூன்று என்றால் சூப்பர்வைசர் வருகிறார், சிரிப்பை நிறுத்து.

தோட்டக்காரம்மா சாவியைக் கொடுத்து, "இங்க நீங்க செய்ய வேண்டிய வேலை ஒண்ணும் கிடையாது. இந்த வீட்டோட விசேஷமே அதுதான். காலையில பாலும் முட்டையும் கொண்டு வரேன்" என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கல் சுவர் வைத்த வீடு. ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் மண், செடி, தூரத்தில் மரங்கள். வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் இரண்டு பேரும் முதலில் கட்டிலைத்தான் பார்த்தோம். மடிப்பு விரிப்பின் ஓரத்தை விரலில் தேய்த்து மோந்தாள்.

"அலசல் பத்தல. சோப்பு நிக்குது."

"பேசாம இரு. நாம விருந்தாளி."

"விருந்தாளின்னா மூக்கைக் கழட்டி வெச்சுட்டு வரணுமா?"

வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தோம். பிறகு மறுபடியும் அதே மரத்தைப் பார்த்தோம்.

"இப்ப என்ன செய்யணும் அண்ணி?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

"எத்தனை மணி வரைக்கும்?"

எழுந்து போய் சமையலறைப் பாத்திரங்களை ஒருமுறை கழுவி வைத்தோம். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

மறுநாள் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம். வெளிச்சம் வருகிறவரை கூரையைப் பார்த்துப் படுத்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் மடிப்பு ஜன்னலுக்குப் போனாள். போனவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்தை."

பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், தோண்டிய மண்ணில் வரிசையாக ஆறு வெள்ளை விரிப்புகள் கிடந்தன. எல்லாம் இரட்டைக் கட்டிலுக்கான பெரிய விரிப்பு. மேலெல்லாம் சேறு, பறவை எச்சம். பக்கத்தில் துணி காயப்போடுகிற கொடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"காத்துல பறந்து விழுந்திருக்கு" என்றேன்.

"ஓரத்துல கல்லு வெச்சிருக்கே."

"மேற்கொண்டு பறக்காம இருக்க வெச்சிருப்பாங்க. ஒத்தை ஆளு, எத்தனை வேலையப் பாப்பாங்க, பாவம்."

போய்க் கல்லை எடுத்து விரிப்பைத் தூக்கினோம். அடியில் பச்சைப் பச்சையாகச் சின்னத் துளிர்கள் விட்டிருந்தன. மடிப்பு உச்சுக் கொட்டினாள். "அடியில புல்லே முளைச்சிருச்சு. எத்தனை நாளாக் கிடக்குதோ."

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. கொல்லையில் ஒரு பெரிய கல் தொட்டி இருந்தது. தண்ணீர் அடித்து ரொப்பினோம். சமையலறையில் கட்டி சோப்பு கிடைத்தது. கறையைத் தனியே தேய்த்து, ஊறவைத்து, மிதித்து, மூன்று முறை அலசினோம். இத்தனை வருஷத்தில் வானம் தெரிகிற இடத்தில் நாங்கள் துணி துவைத்ததே இல்லை. முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர், காலுக்கு அடியில் புல். மடிப்பு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். முனைக்கு ஒருவராகப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டபோது ஆறு விரிப்பும் ஓட்டலில் முதல் வகுப்பு அறைக்குப் போகிற மாதிரி இருந்தன. தோட்டக்காரம்மா வந்து பார்த்து என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்து இரண்டு பேருக்கும் சிரிப்பு முகம் கொள்ளவில்லை.

அவர் வந்தார். சைக்கிளை நிறுத்தினார். பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். மண்ணில் ஏழெட்டுக் குருவிகள் விருந்துக்கு வந்த மாதிரி நடந்துகொண்டிருந்தன.

"என் பட்டாணி" என்றார்.

பாலைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். குருவிகள் பறந்து வேலியில் உட்கார்ந்தன. அவர் திரும்பி வரும்போது நாங்கள் அசையாமல் நின்றிருந்தோம்.

"முளை வந்து நாலு நாள்தான் ஆச்சு. குருவி கொத்தக் கூடாதுன்னுதான் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி வெச்சிருந்தேன். அதையா எடுத்தீங்க?"

"கீழே விழுந்துடுச்சுன்னு நெனச்சோங்க" என்றேன்.

"ஆறுமா? வரிசையாவா? கல்லோடயா?"

மடிப்பு மெல்ல, அவளால் முடிந்த அளவுக்கு மெல்ல, சொன்னாள். "நாங்க சலவைக்காரங்கம்மா. தரையில வெள்ளைத்துணி கிடந்தா எங்களுக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது."

அந்த அம்மா கொடியருகே போய் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். அதன் ஓரத்தில் நாங்கள் எடுத்துவிட்ட ஒரு பழுப்புக் கறை இருந்த இடத்தை விரலால் தடவினார். "இந்தக் கறை எங்கம்மா காலத்துலேர்ந்து போகல" என்றார். கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "காயுற வரைக்கும் குருவியைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. ஈரத்தைப் போட்டால் மண்ணோடு ஒட்டி முளை ஒடிந்துவிடுமாம். இந்தக் கனத் துணி சாயங்காலத்துக்குள்கூடக் காயாது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆக, வாசலில் இருந்த இரண்டு நாற்காலியையும் பட்டாணி வரிசைக்கு இரண்டு பக்கமும் தூக்கிப் போட்டோம். கையில் ஆளுக்கு ஒரு குச்சி. குருவி இறங்கினால் குச்சியை ஆட்ட வேண்டும். எழுந்து போக முடியாது, பாத்திரம் கழுவ முடியாது, கூட்ட முடியாது. என் ஞாபகத்தில் ஒரு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முதல் ஒரு மணி நேரம் முதுகு வலித்தது. அப்புறம் முதுகு அதுவாகவே நாற்காலியில் சாய்ந்துகொண்டது. மடிப்பு செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை வைத்துக்கொண்டாள்.

"இந்தக் குருவி நம்ம சூப்பர்வைசர் மாதிரியே தலையைச் சாய்ச்சுப் பாக்குது" என்றாள்.

"எல்லாம் முறையா நடக்குதான்னு பாக்குது."

சிரித்தோம். அவள் கால் விரலால் மண்ணைக் கிளறினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள்.

"ஆமா."

"அவனுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லு."

அவள் ஒரு குருவியை விரட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணு மட்டும் ஆறல அண்ணி" என்றாள். "அத்தனை எழுதினவன் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல பாருங்க. தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டவங்க நீங்க. அத்தை என்ன செய்வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க அவனுக்குத் தோணல. இப்படி மறக்குறவன் வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்னு இருக்கு. வளர்த்தது சரியில்லையோன்னு ஒரு வாரமாத் தூக்கமே இல்ல."

நான் மறைத்தது ஒன்று, அது போய்ச் சேர்ந்தது வேறு இடத்தில். ஒரு நல்ல பிள்ளையை அவன் அம்மா மனதில் கெட்ட பிள்ளையாக்கி வைத்திருக்கிறேன்.

"போனைக் கொடு" என்றேன்.

வரிசைக்கு மேலாக நீட்டினாள். செய்தியைத் தேடி எடுத்து, முதலிலிருந்து படித்தேன். கடைசி இரண்டு வரியையும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான், ஆனால் அந்த இரண்டு வரியும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. திக்காமல் வந்தது.

மடிப்பு குச்சியை மடியில் வைத்தாள். இரண்டு குருவி இறங்கியது. நான்தான் விரட்டினேன்.

"அன்னைக்கு ஏன் படிக்கல?"

"படிச்சா நீ என்னைக் கேப்ப."

"கேட்டா என்ன?"

"நான் போன்னு சொல்லணும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"வாயில வரல. அதான் படிக்கல."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "படிச்ச திமிரு" என்றாள். "வீட்டுக்கு ஒரு ஆள் போதும்னு விட்டது என் தப்பு. அடுத்த வகுப்பு வெச்சா நானே போறேன். தூங்கினாலும் பரவாயில்ல, காதுல விழுறது விழட்டும்." பிறகு, கொஞ்சம் தணிந்து, "அப்ப எம்புள்ள கேட்டிருக்கான்" என்றாள். அதை இன்னும் இரண்டு மூன்று தடவை தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். ஒரு வாரமாக அவள் புருவத்துக்கு நடுவில் இருந்த கோடு இல்லாமல் போனதை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

"சரி, கேட்டிருக்கான் இல்ல? இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.

"குருவியைப் பாரு" என்றேன். அவளும் விட்டுவிட்டாள். பொழுது சாய்ந்து குருவிகள் மரத்துக்குப் போகிறவரை அப்படியே இருந்தோம். அவ்வளவு வருத்தத்தோடும்கூட அந்தப் பகல் நன்றாகத்தான் இருந்தது. தோட்டக்காரம்மா ஒருமுறை வந்து, முளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கடைசி வரை எங்களோடு சிரிக்கவில்லை. ஆனால் ரொட்டியில் வெண்ணெய் தாராளமாகத் தடவியிருந்தது. அன்று ராத்திரி படுத்தது தெரியும், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில். ஏழு மணி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி எழுந்தோம்.

ராத்திரிக் காற்றில் விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. நல்லவேளை, குருவிகள் இன்னும் வேலியை விட்டு இறங்கவில்லை. கொடியிலிருந்து எடுத்ததும் எங்கள் கை எங்களைக் கேட்காமல் மடிக்கத் தொடங்கிவிட்டது. நான்கு முறை மடித்த பிறகு மடிப்பு நிறுத்தினாள்.

"மண்ணுல விரிக்கிறதுக்கு எதுக்கு அண்ணி மடிக்கிறோம்?"

பிரித்தோம். வரிசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஆளுக்கு இரண்டு முனை. முளையை உரசி ஒடிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறக்க வேண்டும். மடிக்கும்போது நடந்து நடந்து ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்துவிடுவோம். இதில் கடைசி வரை தள்ளியே நிற்க வேண்டியிருந்தது. ஐந்தை விரித்துக் கல் வைத்தோம். ஆறாவதைப் பிடித்தபோது அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். தயார்.

நான் இறக்கவில்லை. கை இரண்டும் விரிப்பில் மாட்டியிருந்தது, முகத்தை மூட வழியில்லை, குச்சியை ஆட்டவும் மண்ணில் குருவி இல்லை.

"போகாத" என்றேன்.

சொன்னது என் காதுக்கே இடி மாதிரி விழுந்தது. பதினாலு மெஷினுக்கும் மேலே கேட்கிற குரலில் சொல்லியிருக்கிறேன். வேலியில் இருந்த குருவியெல்லாம் எழுந்து பறந்தன. இரண்டு வயல் தள்ளி, மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கத்துறீங்க? இங்க எந்த மெஷின் ஓடுது?" என்றாள் மடிப்பு. அவள் கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது. "இதைச் சொல்ல ஒரு வாரமா?"

"குழந்தையப் பாக்கப் போயிட்டு வா. நான் வேண்டாங்கல. ஆனா அங்கயே இருந்துடாத. எனக்கு வேற யாரும் இல்ல."

"எனக்கு மட்டும் வரிசையில நிக்குறாங்களாக்கும். அந்த முனை தொங்குது பாருங்க, முளை மேல படுது. தூக்குங்க."

தூக்கினேன். இறக்கினோம். கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைத்துவிட்டு அவள் மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"எழுதுங்க. நான் சொல்றதை மட்டும் எழுதுங்க. ஒரு எழுத்தை முழுங்குனீங்க, அவ்வளவுதான்."

வரிசை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன். பெரிய வீடு பார்க்க வேண்டாம். வலி எடுக்கும் முன்னாலேயே அம்மா வந்துவிடுவாள். இரண்டு மாதம் இருப்பாள், வேண்டுமானால் மூன்று. நடுவில் அத்தையும் வந்து பார்ப்பாள். அது வரைக்கும் மருமகள் கனமான துணி எதையும் பிழியக் கூடாது.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் வீட்டுக்கு வந்துடுவேன்னு போடுங்க."

போட்டேன். அனுப்புவதற்கு முன்னால் முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதற்குள் தோட்டக்காரம்மா, என் கத்தலில் யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று நினைத்து, மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு பூட்ஸ் சத்தத்தோடு வயலைக் குறுக்கே கடந்து ஓடி வந்துகொண்டிருந்தார். மடிப்பு அவரைப் பார்த்துவிட்டு, என் முந்தானையைப் பிடித்து மூன்று இழுப்பு இழுத்தாள்.